கொஞ்சம் குறைவாகக் காற்று

சீட்டு எடுத்ததில் தள்ளுபடி போக
கைக்கு வந்தது பத்தொன்பதாயிரத்து முந்நூறு.
அதற்குள் ஒரு மலை சைக்கிள் வேண்டும்,
ஆறு நாள் ஆஸ்பத்திரிக்கு,
ஞாயிறு மட்டும் ஓட்டேரிக் குன்றுக்கு.

சத்துவாச்சாரிக் கடையில்
இரண்டை முன்னால் நிறுத்தினான் இம்தியாஸ்.
கறுப்புக்கு முன்னே ஷாக், இருபத்தொரு கியர்,
சட்டம் முழுக்க மின்னல் ஸ்டிக்கர்.
சாம்பலுக்கு ஷாக் கிடையாது.
எட்டே கியர், தடித்த டயர்,
கேரியர் மாட்டப் பின்னால் இரண்டு துளை.
விலையில் நானூறு ரூபாய்தான் வித்தியாசம்.
"மவுண்டைன்னு சொல்லிட்டு
ஷாக் இல்லன்னா எப்படி மேடம்?"
என் ஆதாரை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு
நாளைக்கு ஒன்றாக ஓட்டிப் பார்க்கச் சொன்னான்.

முதலில் கறுப்பு.
பாலாற்றுப் பாலம் ஏற ஏற
ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டியது,
எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்றுவிட்டு
குழாயில் பெயர் ஒட்ட மறக்கும்
எங்கள் பயிற்சிப் பையனைப்போல.
மிதித்ததில் பாதி
ஸ்பிரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டது.
குன்றில் மட்டும் ராஜபோகம்.
கல் வந்தது, கல் போனது, கை அறியவில்லை.
இரவு தாராபடவேட்டில் மூன்று மாடி தூக்கினேன்.
பதினாறு கிலோ.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
பெடல் கெண்டைக்காலில் கையெழுத்துப் போட்டது.
கதவை ஒருக்களித்து
"சிலிண்டரா?" என்றாள் வனமயில்.

மறுநாள் சாம்பல்.
பன்னிரண்டரை கிலோ, தோளில் இருந்ததே தெரியவில்லை.
பாலத்தில் லாரிகளுக்கு நடுவே
நினைத்த இடத்துக்கு
நினைத்து முடிக்குமுன் போனது.
ஆனால் ஓட்டேரிக்குப் பின்னால்
ஆட்டுத்தடத்தில் இறங்கியதும்
ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் வந்து
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.

விழுவதைப் பற்றிய பயமில்லை.
என் வேலை ரத்தம் எடுப்பது.
காலை ஆறரைக்கு முதல் டோக்கன்.
கீமோ கண்டு கண்டு
உள்ளே ஒளிந்துகொண்ட நரம்புகள்.
பிறந்து ஒன்பதே நாளான புறங்கை.
விரல் நடுங்கினால் இரண்டாவது குத்து
எனக்கல்ல.

இந்த ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு,
தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நீளும்.
அதன் வாலில்
ஷாக் இல்லாத சைக்கிள் என்று
என்னையும் சேர்த்துக்கொள்வார்களோ
என்று எண்ணியபடி திரும்புகையில் கவனித்தேன்,
அதிர்வு அடங்கியிருந்தது.
அதே தடம். அதே சரளை.
பழகிவிட்டோம் என்று
அரைக் கிலோமீட்டர் பெருமையாக வந்தேன்.
பாகாயம் டீக்கடை வெளிச்சத்தில் குனிந்தால்
முன் டயரில் ஒரு கருவேல முள்.
காற்று சன்னமாக,
கடன் திருப்பித் தருபவனின் கஞ்சத்தனத்தோடு
வெளியே போய்க்கொண்டிருந்தது.

கல்லாட்டம் அடித்துக் கொடுத்திருக்கிறான்!
பாதி இறங்கியதும்
டயரே ஷாக் ஆகிவிட்டிருக்கிறது.

சாம்பலைத்தான் எடுத்தேன்.
இம்தியாஸ் பில்லின் கடைசியில் எழுதினான்,
பஞ்சர், நாற்பது ரூபாய்.
"உங்ககிட்ட இருந்தப்போ குத்தினதுதானே மேடம்."
அந்த முள்ளுக்கு இன்னும்கூடத் தந்திருப்பேன்.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.

கிரீன் சர்க்கிள் பள்ளத்துக்கு
எந்தக் காற்றும் பதில் சொல்லாது,
அங்கே இன்றும் எழுந்து நின்றுதான் ஓட்டுகிறேன்.
மற்றபடி
ஐந்தே முக்காலுக்குப் படியிறங்கியதும்
டயரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது உண்டு.
எல்லாரும் கட்டைவிரலால் பார்ப்பார்கள்.
எனக்கு ஆள்காட்டி விரல்.
ரப்பர் கொஞ்சம் அமுங்கி
கொஞ்சம் மறுத்து
மேலே வரவேண்டும்.
முக்கால் மணி கழித்து அதே விரல்
யாரோ ஒருவரின் முழங்கை மடிப்பில்
கண்ணை மூடிக்கொண்டு
இதையேதான் தேடும்.